புதிய சட்டை போட்ட கங்காணி

சென்ற மாதம் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சம்பள விவகாரம் பேச நாம் போயிருந்தோம். கூட்டம் முடிந்தது. மாரியம்மன் கோயில் கொட்டகையில் சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பால்மரக் காலத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் இருப்பவர். கையில் கைப்பேசி.

"தம்பி, நீங்க சங்கத்துக்காரரு. இதக் கொஞ்சம் படிச்சு, என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார்.

பெரியவரின் தகப்பனார் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரிலேயே தங்கிவிட்ட சித்தப்பா வழியில் ஒரு பேரப்பிள்ளை இருக்கிறான். அவன் அனுப்பிய செய்திதான் அது.

"தாத்தா, இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எழுத்துப் பரீட்சையில பாஸ் பண்ணிட்டேன். நேர்முகத்துல, அப்பா என்ன செய்றாரு, சொந்த ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அப்பா கூலி வேலைனு சொன்னேன். காலனினு சொன்னேன். சொல்லி அனுப்புறோம்னாங்க. இது நாலாவது கம்பெனி."

நாம் உரக்கப் படித்தோம். கொட்டகையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு லாரி ஓட்டும் ஒரு தம்பி கேட்டார்: "அதான் அங்க கோட்டா இருக்குதே அண்ணே, அப்புறம் என்ன?"

இன்னொருவர் முகம் சுளித்தார். "இந்தப் பேச்செல்லாம் இங்க எதுக்கு? கப்பல் ஏறுறப்பவே சாதியக் கடல்ல போட்டுட்டு வந்தாச்சு."

இரண்டு பேருக்கும் அன்றிரவு நம்மால் முடிந்ததைச் சொன்னோம். சொன்னது போதவில்லை. ஆகவே இந்த வாரம் இந்தப் பகுதியில் அதையே எழுதுகிறோம்.

கேட்டுக்கு உள்ளே மட்டும் சட்டம்

முதலில் லாரித் தம்பியின் கேள்வி. இந்தியாவில் இட ஒதுக்கீடு இருப்பது உண்மை. 1950 ஜனவரி 26இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 16ஆம் விதி, அரசாங்க வேலைகளில் பின்தங்கிய மக்களுக்கு இடம் ஒதுக்க வழி செய்தது. மத்திய அரசாங்க வேலையில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. மண்டல் குழுவின் அறிக்கையை ஏற்று 1990இல் வி.பி. சிங் அரசாங்கம் அறிவித்து, 1992இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பிறகு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. தமிழ்நாட்டில் மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கு முழுவதும் அரசாங்கக் கேட்டுக்கு உள்ளே நடக்கிற கணக்கு. கேட்டைத் தாண்டித் தனியார் கம்பெனி வாசலுக்குப் போனால் இந்தச் சட்டம் அங்கே வராது. பேரப்பிள்ளை ஏறி இறங்கிய நான்கும் தனியார் கம்பெனிகள். கோட்டா என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை.

சரி, அரசாங்க வேலைக்கே போகட்டுமே என்பீர்கள். அந்த வேலை எங்கே இருக்கிறது? 1991க்குப் பிறகு இந்தியாவில் அரசாங்கம் கையைச் சுருக்கிக்கொண்டே வருகிறது. மத்திய அரசாங்கத்தின் பொதுத்துறை நிறுவனங்களில் 2013இல் 17 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2022இல் அது 15 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இருப்பவர்களிலும் ஒப்பந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா விமான நிறுவனம் டாட்டா குழுமத்தின் கைக்குப் போனது. அரசாங்கக் கம்பெனியாக இருந்தவரை அங்கே ஒதுக்கீடு இருந்தது. கை மாறியதும் புதிதாக ஆள் எடுப்பதில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. அதே விமானம்தான், அதே வேலைதான். கதவில் இருந்த விதி மட்டும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 ஆகஸ்டு மாதம் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். பெண்கள் ஏராளம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது அவர்கள் கேட்டது. 13 நாள் நடந்த அந்தப் போராட்டத்தை நள்ளிரவில் போலீஸ் வந்து கலைத்தது. குப்பை அள்ளும் வேலையில் பெரும்பாலோர் தலித் மக்கள். அந்த வேலைக்கு எந்த ஒதுக்கீட்டுச் சட்டமும் தேவைப்படவில்லை. குப்பைக் கூடைக்கு ஆள் எடுக்கும்போது தகுதி, திறமை, குடும்பம் என்று எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை. நாற்காலிக்கு ஆள் எடுக்கும்போதுதான் இந்தக் கேள்விகள் எல்லாம் முளைக்கின்றன.

பெயரைப் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை

"கம்பெனிக்காரன் காசு போட்டவன். கெட்டிக்காரனத்தான் எடுப்பான். சாதி பாத்து அவனுக்கு என்ன இலாபம்?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

சுக்தேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தியப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 4,800 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, தகுதி எல்லாம் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மேல்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், இன்னொன்றில் முஸ்லிம் பெயர். யாரை நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மேல்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளை யாரும் பார்க்கவில்லை. திறமையை யாரும் அளக்கவில்லை. பெயரைப் பார்த்ததோடு சரி.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அது பெரிய காரியம்தான். ஆனால் பெயரில் தெரியாததை ஊரிலும் தெருவிலும் தேடுகிறார்கள். ‘காலனி’ என்ற ஒரு சொல் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்தச் சொல்லே இழிசொல்லாக மாறிவிட்டது என்று சொல்லி, அரசாங்க ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து எடுக்கலாம். நேர்முகம் நடத்துகிறவரின் மனத்திலிருந்து யார் எடுப்பது?

அதே 2007இல் கேத்தரின் நியூமன், சுரிந்தர் ஜோத்கா என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள், தலைநகர் டில்லிப் பக்கம் ஆள் எடுக்கும் மேலதிகாரிகளைச் சந்தித்துப் பேசிய ஆய்வும் வெளிவந்தது. நாங்கள் திறமையைத்தான் பார்க்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். அடுத்த மூச்சிலேயே, குடும்பப் பின்னணியையும் பார்ப்போம் என்றார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் யார் யார் படித்தவர்கள் என்று கேட்பதில் அவர்களுக்குத் தவறே தெரியவில்லை. கூலிக்காரன் மகன் எவ்வளவு படித்தாலும் இந்தக் கேள்விக்கு என்ன பதிலைச் சொல்லித் தேறுவான்?

மேலே போகப் போக நிலைமை இன்னும் மோசம். இந்தியாவின் முன்னணிக் கம்பெனிகள் ஆயிரத்தின் இயக்குநர் வாரியங்களைக் கணக்கெடுத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. 100 இயக்குநர்களில் 93 பேர் முன்னேறிய சாதிகள். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்தே 4 பேர் தேறவில்லை. 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 100க்கு 16 பேருக்கு மேல் தாழ்த்தப்பட்டோர். தமிழ்நாட்டில் 100க்கு 20 பேர்.

இது நமக்குத் தெரிந்த ஆள்தானே!

தோட்டத்தில் பிறந்து தோட்டப் பள்ளியில் படித்த நமக்கு இதில் ஒரு பழைய முகம் தெரிகிறது. கங்காணியின் முகம்.

கங்காணி எப்படி ஆள் பிடித்தார்? துரையிடம் முன்பணமும் அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்குப் போவார். தன் சொந்தக்காரன், தன் சாதிக்காரன், தன் ஊர்க்காரன் என்று பார்த்துத் திரட்டுவார். பெரட்டில் நிற்கும் தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தலைக்காசு. யாருக்கு நல்ல நிரை, யாருக்குத் தூரத்து மலைக்காடு என்பதிலும் அவர் கை இருக்கும். 1938இல் இந்திய அரசாங்கம் தடை போட்டதும் கங்காணி முறை முடிந்தது என்று படிக்கிறோம்.

முடிந்ததா? இன்று இந்தியாவில் ஒரு கம்பெனியில் இடம் காலியானால், வேலையில் இருப்பவரிடமே "உங்களுக்குத் தெரிந்த நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள்" என்கிறார்கள். சொல்லி ஆள் வந்து சேர்ந்தால் சொன்னவருக்கு வெகுமதி கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு. உள்ளே இருப்பவர் யார்? அவருக்குத் தெரிந்தவர் யார்? தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். அந்தக் கல்யாணமோ சாதிக்குள்ளே நடக்கிற கல்யாணம். ஆகவே யாரும் ‘சாதி’ என்ற சொல்லை வாயால் சொல்லாமலே, சாதிக்குள் சாதியாக வேலை கைமாறுகிறது. இது கங்காணி முறை இல்லாமல் வேறென்ன? வேட்டியை அவிழ்த்துவிட்டுச் சட்டையும் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

தொழிற்சங்கமும் கைகழுவ முடியாது

முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நமக்குச் சுலபம். ஆனால் உண்மை அப்படி இல்லை. அந்தக் காலத்துப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் நல்ல கூலி. அங்கே தாழ்த்தப்பட்டவர்களை விடமாட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? தறி நாடாவில் நூல் மாட்டும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவன் எச்சில் பட்ட நூலை நாங்கள் தொடமாட்டோம் என்று தடுத்தவர்கள் முதலாளிகள் அல்ல. கூடவே வேலை செய்த தொழிலாளர்கள்!

1928இல் பம்பாயில் மாபெரும் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது, டாக்டர் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் இதைத்தான் கேட்டார். நெசவுப் பிரிவின் கதவை எங்கள் மக்களுக்குத் திறந்துவிடுங்கள், அதையும் உங்கள் கோரிக்கையில் சேருங்கள் என்றார். கூலி உயர்வுக்குக் கொடி பிடித்த சங்கங்களுக்கு இது கசப்பாக இருந்தது. தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? தனியார் வேலையில் சாதித் தடை என்பது நேற்று வந்த கணினிக் கம்பெனிகளின் கதை அல்ல. இயந்திரம் வந்த நாளிலிருந்தே இருக்கிறது. அதைக் காத்து நின்றவர்களில் நம் வர்க்கத்துக்காரனும் ஒருவன். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு கதவுக்குக் காவல் நிற்கிறோமா, கதவைத் திறக்கிறோமா என்று ஒவ்வொரு சங்கக்காரனும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

வாக்குறுதி கொடுத்தார்கள், விதி கொடுக்கவில்லை

இந்திய அரசாங்கம் இதைப் பேசாமல் இல்லை. 2004இல் பதவிக்கு வந்த மன்மோகன் சிங் அரசாங்கம் தன் பொதுத் திட்டத்திலேயே தனியார் துறை ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு நடத்துவதாகச் சொன்னது. 2006இல் பிரதமரே தொழிலதிபர்களிடம் நேரில் கேட்டுக்கொண்டார். முதலாளிமார் சங்கங்கள் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு போட்டன. சட்டம் போட்டு ஒதுக்கீடு கொண்டுவர வேண்டாம், நாங்களாகவே முன்வந்து படிப்புக்கு உதவுகிறோம், பயிற்சி தருகிறோம், தலித் தொழில்முனைவோருக்குக் கைகொடுக்கிறோம் என்றது குழு.

உதவியை நாம் குறை சொல்லவில்லை. படித்தவர்கள் உண்டு, பயிற்சி பெற்றவர்கள் உண்டு. ஆனால் பயிற்சி முடித்து வந்தவனை வாசலில் நிறுத்தி "எந்தத் தெரு?" என்று கேட்டால் அந்தப் பயிற்சி எதற்கு? பெரியவரின் பேரப்பிள்ளைக்குப் படிப்பு இல்லையா, தேர்ச்சி இல்லையா?

தனியாரிடம் அரசாங்கம் கேட்கவே முடியாது என்பதும் சரியல்ல. 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தத்தால் தனியார் கல்லூரிகளிலும் இடம் ஒதுக்கச் சட்டம் போடலாம் என்று இந்திய அரசியல் சட்டமே மாற்றப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. படிப்புக்கு முடிந்தது வேலைக்கு ஏன் முடியாது?

அயர்லாந்தின் வட பகுதியில் கத்தோலிக்கருக்கு வேலை மறுக்கும் வழக்கம் இருந்தது. 1989இல் ஒரு சட்டம் வந்தது. தனியார் முதலாளி தன்னிடம் வேலை செய்கிறவர்களில் எந்தச் சமயத்தார் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் 1965இல் அதிபர் ஜான்சன், அரசாங்கக் குத்தகை எடுக்கும் கம்பெனிகள் கறுப்பின மக்களுக்கும் வாய்ப்புத் தர நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று கட்டளை பிறப்பித்தார். 60 ஆண்டு நெருங்கும் வேளையில், 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஒரே கையெழுத்தில் அதை இரத்துச் செய்துவிட்டார். கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போகும். ஆகவேதான் சட்டம் வேண்டும் என்கிறோம்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1975இல் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. தனியார் தொழிற்சாலையில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எவ்வளவு வேலை என்று அரசாங்கம் கேட்டதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அதில் தோட்டத் தமிழனுக்குள்ள மனக்குறை வேறு கதை. அதனால்தான் கோட்டா என்றாலே நம்மில் பலருக்கு வாய் கசக்கிறது. ஆனால் நம் கசப்பை வைத்து அடுத்தவன் பசியை அளக்கக்கூடாது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவன் யார்? அவனுக்கு அந்த விதி கதவைத் திறக்கிறதா, மூடுகிறதா?

முதலில் நிறுவைத் தட்டு

பால் கொட்டகையில் நிறுவைத் தட்டு இல்லாமல் கிராணியார் கண்ணால் பார்த்தே கணக்கு எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம். இந்தியத் தனியார் கம்பெனிகளில் இன்று நடப்பது அதுதான். எந்தச் சாதியார் எத்தனை பேர், எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று வெளியே காட்டவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. காட்டாதவரை "எங்களிடம் சாதி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

ஆகவே அங்குள்ள தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டியவை என்று நமக்குத் தோன்றுவது இவை. ஒன்று, கம்பெனிகள் கணக்குக் காட்டவேண்டும். இரண்டு, காலி இடங்களை எல்லோரும் பார்க்க அறிவிக்கவேண்டும், காதும் காதும் வைத்தாற்போல் ஆள் சேர்க்கக்கூடாது. மூன்று, நேர்முகத்தில் தகப்பன் தொழிலும் தெருவும் கேட்கக்கூடாது. நான்கு, அரசாங்கத்தின் நிலம், வரிச்சலுகை, குத்தகை வாங்கும் கம்பெனி, அரசாங்கத்தின் ஒதுக்கீட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவேண்டும். ஐந்து, இவற்றுக்கெல்லாம் சட்டம் வேண்டும்.

பங்கு கிடைத்தால் அது கடைசி வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும். தமிழ்நாட்டில் துப்புரவு வேலைக்கே தள்ளப்பட்டு வந்த அருந்ததியருக்கு 2009இல் அந்த 18க்குள் 3 விழுக்காடு தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்படி உள்ளுக்குள் பிரிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு முதல் நாள் தீர்ப்பளித்தது. பாதை தெரிகிறது. நடக்கத்தான் ஆள் வேண்டும்.

கடலில் போட்டது எது?

கடைசியாக, சாதியைக் கடலில் போட்டுவிட்டோம் என்ற நண்பருக்கு. நம் பாட்டன் பூட்டன்மாரில் கணிசமானோர் தாழ்த்தப்பட்ட மக்களே. சேரியின் கொடுமையிலிருந்து தப்பித்தால் போதும் என்று கப்பலேறியவர்கள் அவர்களில் உண்டு. வந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே பால் கத்தி, ஒரே வாளி, ஒரே துரை. அதில் கொஞ்சம் சாதி தேய்ந்தது உண்மை. ஆனால் லயத்திலும் கோயிலிலும் கல்யாணத்திலும் அது ஒளிந்திருக்கவில்லையா? கடல் தாண்டினால் சாதி சாகும் என்றால், அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டிய அவசியம் என்ன?

இதை அந்த நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் குறுக்கிட்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் ஊர்ப் பேரச் சொல்லுவாரு தம்பி. தெருப் பேர மட்டும் சொல்லவே மாட்டாரு. யாராச்சும் கேட்டா, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கம்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாரு. இந்தப் பையன் தெருப் பேரையும் சொல்லிட்டான். பொய் சொல்லியிருந்தா வேலை கெடைச்சிருக்குமோ?"

முகம் சுளித்த நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். நமக்கும் பதில் வரவில்லை.

இப்போது சொல்கிறோம், ஐயா. பையன் பொய் சொல்ல வேண்டாம். அந்தக் கேள்வியைத்தான் ஒழிக்கவேண்டும். "சொல்லி அனுப்புறோம்" என்ற வார்த்தையோடு இனி ஒரு பிள்ளையும் வீடு திரும்பக் கூடாது. அதற்கு அங்கே சட்டம் வரவேண்டும். இங்கே நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை நம் லயத்தில், நம் சங்கத்தில், நம் கோயில் நிர்வாகத்தில், நம் வீட்டுப் பெண் பார்க்கும் பேச்சில் "அவங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது கேட்டால், எழுந்து போய்விடாமல் உட்கார்ந்து, "அது எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்போம்.

பெரியவரின் தகப்பனாருக்கு நாம் பட்ட கடன் அது.